கேட்ஸ்பியும் டெய்சியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலைச் சென்ற வாரம் வாசித்து முடித்தேன். ஒரு பெண்ணுக்காகவே சம்பாதித்து, அவள் வீட்டுக்கு எதிர்க்கரையில் மாளிகை வாங்கி, ஊருக்கே விருந்து வைத்தவனை டெய்சி கடைசியில் கைகழுவிவிட்டாள். அவன் சாவுக்கு ஒரு பூகூட அனுப்பவில்லை. எனக்கு அவள்மேல் ஆத்திரம்தான் மிஞ்சியது. பணத்துக்காகக் காதலை விற்றவளின் கதை என்று இதை எடுத்துக்கொள்ளலாமா? 2013ல் வந்த படத்தையும் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஆத்திரம் நியாயம்தான். ஆனால் அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, நியூயார்க் ப்ளாசா ஹோட்டல் காட்சியைத் திரும்ப வாசித்துப் பாருங்கள்.

1922 கோடை, கொளுத்தும் வெயில், ஒரே அறையில் ஐந்து பேர். டெய்சி தன்னோடு வந்தால் போதும் என்று கேட்ஸ்பி விடுவதில்லை. கணவன் டாமை ஒருநாளும் காதலித்ததில்லை என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லச் சொல்கிறான். அவள் தயங்கித் தயங்கிச் சொல்லியும்விடுகிறாள். அடுத்த நிமிடமே அவளால் அதில் நிற்க முடியவில்லை. இப்போது உன்னைக் காதலிக்கிறேனே, அது போதாதா, நடந்ததை நான் என்ன செய்ய முடியும் என்று அழுகிறாள். ஒரு காலத்தில் டாமையும் காதலித்தேன் என்கிறாள். கேட்ஸ்பி அங்கேயே முடிந்துபோகிறான். மனைவியைப் பறிகொடுத்த வில்சன் நீச்சல்குளத்தில் அவனைச் சுடுவதெல்லாம் அப்புறம். அவன் கேட்பது 1917ல் லூயிவில்லில் விட்டுவந்த பெண்ணை. நடுவில் ஐந்து வருடம், ஒரு கல்யாணம், மூன்று வயதில் ஒரு குழந்தை. இதையெல்லாம் யாரால் அழிக்க முடியும்? அந்த அறையில் உண்மை பேசியவள் டெய்சி ஒருத்திதான் என்பேன்.

விற்றுவிட்டாள் என்கிறீர்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் டாம் கொடுத்த முத்துமாலையின் விலை 3,50,000 டாலர். அன்று சாயங்காலம் டெய்சி குடித்துவிட்டு, ஒரு கடிதத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு கிடக்கிறாள். மாலையைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள் என்கிறாள். குளியல் தொட்டியில் இறக்கியும் கடிதத்தை விடவில்லை. தண்ணீரில் ஊறி நைந்து பிய்ந்துவரும்வரை வைத்திருக்கிறாள். யார் எழுதியது என்று நாவலாசிரியர் ஃபிட்ஸ்ஜெரால்ட் சொல்வதில்லை, சொல்லத் தேவையுமில்லை. அரை மணி நேரத்தில் மாலை அவள் கழுத்தில் இருக்கிறது. விற்றதுதான், சரி. ஆனால் இப்படி விற்றாள்.

ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு இது கேள்விப்பட்ட கதை அல்ல. அவரிடம் நிலையான வருமானமில்லை என்று 1919ல் காதலி ஸெல்டா நிச்சயதார்த்தத்தை முறித்தார். 1920 மார்ச்சில் முதல் நாவல் வந்து பெயரும் பணமும் தேடிவந்தன, ஏப்ரலில் கல்யாணம். பணம் வந்ததும் பெண் கிடைத்த கேட்ஸ்பி அவர். அந்த வெற்றியை அவர் முழுசாக நம்பவில்லை என்றுதான் இந்த நாவலை வாசிக்கும்போது எனக்குத் தோன்றும்.

உங்கள் ஆத்திரத்துக்கு உரிய இடம் வேறு. டெய்சி ஓட்டிய கார், டாமின் கள்ளக்காதலியும் வில்சனின் மனைவியுமான மிர்ட்டிலை அடித்துப்போட்டு நிற்காமல் போகிறது. அன்றிரவு சமையலறை மேஜையில் அவளும் டாமும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஆறிப்போன பொரித்த கோழி, இரண்டு புட்டி பீர், இருவரும் எதையும் தொடவில்லை. அவன் அவள் கைமேல் கைவைத்து ஏதோ பேச, அவள் தலையாட்டுகிறாள். வெளியே கேட்ஸ்பி, டாம் அவளை ஏதும் செய்துவிடக்கூடாதே என்று காவல் நிற்கிறான். டாமுடையது பரம்பரைச் சொத்து. இவனுடையது மதுவிலக்குக் காலத்தில் மருந்துக்கடைகள் வழியாகச் சாராயம் விற்ற காசு. தன்னிடமும் அவ்வளவு பணம் இருக்கிறதே என்று அவன் நினைத்திருந்தான். அந்தச் சமையலறைக்குள் நுழைய அந்தப் பணம் போதாது.

டெய்சி வீட்டுப் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கைப் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது, விடுகிறேன். ‘ஒரு பெண்ணுக்காகவே சம்பாதித்து’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் எனக்குச் சந்தேகம் உண்டு. சவ அடக்கத்துக்கு வரும் கேட்ஸ்பியின் அப்பா ஹென்றி கேட்ஸ், மகன் சிறுவயதில் வைத்திருந்த பழைய கதைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவருகிறார். அதன் கடைசி வெற்றுத்தாளில் அவன் எழுதிய கால அட்டவணை: காலை 6 மணிக்கு எழுவது, மின்சாரம் பற்றிப் படிப்பது, வாரம் 5 டாலர் சேமிப்பது. அந்த 5ஐ அடித்து 3 என்று எழுதியிருக்கிறான். தேதி 1906 செப்டம்பர் 12. டெய்சியைப் பார்க்க இன்னும் பதினோரு வருடம் இருக்கிறது.

படத்தைத் தாராளமாகப் பாருங்கள், விருந்துகளை நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். ஆனால் திரைக்கு வந்த வடிவத்தில் அந்த அப்பா இல்லை. அவருக்காக ஒன்பதாம் அத்தியாயத்தை இன்னொரு முறை வாசித்துவிடுங்கள்.