கழற்றி மாட்டும் டேப்லட்டா, எடை குறைந்த லேப்டாப்பா?

கேள்வி: தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குத் தினமும் பேருந்தில் போய்வரும் கௌரவ விரிவுரையாளர் நான். தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகளை இறக்கிப் படிப்பது அன்றாட வேலை. இப்போதுள்ள லேப்டாப் இரண்டு கிலோவுக்கு மேல், தோள் கழன்றுவிடுகிறது. கீபோர்டைக் கழற்றினால் டேப்லட்டாகும் வகையை வாங்கலாமா, எடை குறைந்த லேப்டாப்பே போதுமா? 70,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும்.
– வாசகி ஒருவர், தென்காசி

பதில்: லேப்டாப்பே வாங்குங்கள். ஆய்வேடு பாதியில் நிற்கிறது என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். இன்னும் பல நூறு பக்கம் தட்டச்சு செய்ய வேண்டியவருக்கு முதல் தேவை நல்ல கீபோர்டு.

முதலில் எடை. டேப்லட் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது கீபோர்டு இல்லாத எடை. 2020-இல் வந்த 12.9 அங்குல ஐபேட் ப்ரோவின் எடை 641 கிராம். அதற்கென விற்ற மேஜிக் கீபோர்டு மட்டும் 700 கிராமுக்கு மேல். இரண்டையும் சேர்த்தால், அதே ஆண்டு வந்த மேக்புக் ஏர் லேப்டாப்பின் 1.29 கிலோவையே தாண்டிவிட்டது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் டேப்லட்டான சர்ஃபேஸ் ப்ரோ 9 தனியாக 879 கிராம். கீபோர்டைப் பொருத்தினால் அதுவும் 1.1 கிலோவுக்கு மேல் போய்விடுகிறது. ஆக, நீங்கள் சுமக்கப்போகும் எடையில் பெரிய வித்தியாசம் இருக்காது. விலையையும் இப்படித்தான் கூட்டிப் பார்க்க வேண்டும். படத்தில் கீபோர்டும் பேனாவும் அழகாக இருக்கும். பல மாடல்களில் பெட்டியைத் திறந்தால் இரண்டும் இருக்காது. தனியாக வாங்கவேண்டும், விலையும் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்தது, எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்பது. கழற்றி மாட்டும் டேப்லட்டில் பிராசஸர், பேட்டரி, போர்டு எல்லாமே திரைக்குப் பின்னால்தான். கீபோர்டு ஓர் அட்டை போலத்தான். அதனால் திரை தானாக நிற்காது. பின்னால் ஒரு முட்டுத்தகடு வேண்டும். கிக்ஸ்டாண்டு என்பது அதுதான். பின்னால் தகடு, முன்னால் கீபோர்டு என்று இரண்டும் நீள்வதால் லேப்டாப்பைவிட அதிக ஆழமான இடம் தேவைப்படும். மேசையில் பிரச்சினையே இல்லை. பேருந்தில் உங்களுக்கு மடிதான் மேசை. ஆலங்குளம் தாண்டி டிரைவர் ஒரு பிரேக் போட்டால் தகடு முழங்காலிலிருந்து வழுக்கும். லேப்டாப்பில் கனம் கீழ்ப்பாதியில் இருப்பதால் மடியில் பதிந்து உட்காரும். வீட்டுக் கட்டில், திண்ணை, நூலகத்தின் குறுகலான பெஞ்சு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு டேப்லட்டில் திரையைத் தொட்டுத் தமிழ் எழுதுவது எளிது. கீபோர்டை மாட்டிய பிறகும் அதே வசதி அப்படியே வரும் என்று நம்பிவிடாதீர்கள். எந்தக் கருவியாக இருந்தாலும் கடையிலேயே, மாட்டிய கீபோர்டில், உங்களுக்குப் பழகிய தமிழ்99 அல்லது ஒலிபெயர்ப்பு முறையில் ஒரு பத்தி அடித்துப் பாருங்கள். கௌ, க்ஷ, ஸ்ரீ மூன்றும் ஒழுங்காக வருகின்றனவா என்று பாருங்கள். உங்கள் துறையில் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் கட்டுரைகள் கைமாறுகின்றன அல்லவா? அந்த எழுத்துருவை விண்டோஸ் லேப்டாப்பில் நிறுவுவது ஒரு நிமிட வேலை. டேப்லட்டில் அது செயலிக்குச் செயலி மாறும் தலைவலி. அப்புறம், திரை 10.1 அங்குலத்துக்கு மேல் இருக்கும் டேப்லட்டில் வேர்ட் கோப்பைத் திருத்த மைக்ரோசாஃப்ட் சந்தா கட்ட வேண்டும். இது பலருக்கு வாங்கிய பிறகுதான் தெரியவருகிறது.

"அப்படியானால் விண்டோஸ் டேப்லட் வாங்கிக்கொள்கிறேன்" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உள்ளே இருக்கும் சிப் எது என்று பாருங்கள். 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தன் முதல் சர்ஃபேஸை, செல்போன்களில் இருக்கும் ஆர்ம் வகைச் சிப்போடு விற்றது. பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும். வழக்கமான விண்டோஸ் மென்பொருள் எதையும் அதில் நிறுவ முடியாது. அடுத்த ஆண்டே அந்தச் சரக்குக்காக 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். அதே ஆர்ம் வகையைச் சேர்ந்த ஸ்நாப்டிராகன் சிப் உள்ள இன்றைய விண்டோஸ் கருவிகள் எவ்வளவோ தேறிவிட்டன. பழைய மென்பொருள்களில் பெரும்பாலானவை ஓடுகின்றன. ஆனாலும் பிரிண்டர், ஸ்கேனர் போன்றவற்றை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் ஆர்ம் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் இருக்கும் பழைய பிரிண்டருக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

சர்வீஸ் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: பழுது. சாதாரண லேப்டாப்பில் அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பேட்டரி, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, பல மாடல்களில் ரேம்கூடக் கைக்கு எட்டும். பேட்டரி மாற்ற அரை மணி நேரம் போதும். பெரும்பாலான கழற்றி மாட்டும் டேப்லட்டுகளில் திரையைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஹீட் கன்னால் ஓரங்களைச் சூடாக்கி, பிளாஸ்டிக் வில்லையைச் செருகி, கண்ணாடியை மெல்லத் தூக்கினால்தான் பேட்டரியைத் தொடவே முடியும். கண்ணாடி விரிசல் விட்டால் பேட்டரிச் செலவோடு டிஸ்ப்ளே செலவும் சேரும். நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கும் டேப்லட்டில் பேட்டரி உப்பி, திரையை உள்ளிருந்து தள்ளி, ஓரத்தில் இடைவெளி தெரிகிற நிலையில் கொண்டுவருவார்கள். அந்த நிலையில் அதைச் சார்ஜ் போடவே கூடாது. மூன்று நான்கு வருடம் உழைக்க வேண்டிய ஒரு கருவி, அருகிலிருக்கும் ஊரில் பிரித்து மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

படிக்கும் விஷயத்தில் உங்கள் ஆசையில் தவறே இல்லை. பழைய நூலின் ஸ்கேன் பக்கத்தை நெட்டுக்குத்தாக வைத்து, பேனாவால் ஓரத்தில் குறிப்பெழுதிப் படிக்கும் சுகத்தை எந்த லேப்டாப்பும் தராது. லேப்டாப் திரை அகலமானது. பக்கத்தின் மேல்பாதியைப் படித்துவிட்டுக் கீழே உருட்ட வேண்டியிருக்கும். ஆகவே என் யோசனை இது. பணத்தின் பெரும்பகுதியை லேப்டாப்பில் போடுங்கள்: 14 அங்குலத் திரை, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, எடை 1.4 கிலோவுக்குள். திரையின் விகிதம் 16:9 வேண்டாம், 16:10 என்று கேட்டு வாங்குங்கள். உயரம் கூடுதலாக இருப்பதால் இன்னும் சில வரிகள் தெரியும். மீதிப் பணத்தில் 10 அல்லது 11 அங்குலச் சாதாரண டேப்லட் ஒன்று, படிக்க மட்டும். பேருந்தில் டேப்லட், வீட்டில் லேப்டாப். இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டும் என்றில்லை; லேப்டாப் முதலில்.

கையிருப்பு போதவில்லை என்றால், நிறுவனங்கள் பயன்படுத்தி விற்ற லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் வகை லேப்டாப்புகள் சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களிலும் கிடைக்கின்றன. கீபோர்டு அருமையாக இருக்கும். வாங்கும்போது பேட்டரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அந்த வசதி உண்டு. முதலில் இருந்த கொள்ளளவு, இப்போதைய முழு சார்ஜ் கொள்ளளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். 50,000 என்று இருக்கவேண்டிய இடத்தில் 30,000 இருந்தால், புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். கோயில் தூண் சிற்பங்களை நேரில் பார்த்து வரைகிறேன். தட்டச்சு எப்போதாவது ஒரு கடிதம்தான். மகன் லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்கிறான்.
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: ஐயா, உங்களுக்கு டேப்லட்தான். மேலே நான் சொன்னது எதையும் உங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். மகனை அழைத்துக்கொண்டு கடைக்குப் போய், பேனாவைக் கையில் வாங்கி, உள்ளங்கையைத் திரையில் ஊன்றியபடியே ஒரு யாளியை வரைந்து பாருங்கள். கை பட்ட இடத்தில் கோடு விழக்கூடாது. அழுத்தினால் கோடு தடிக்க வேண்டும். சாம்சங்கின் டேப் எஸ் வரிசையில் பேனா பெட்டியோடு வருகிறது, வரைய அதற்குச் சார்ஜும் தேவையில்லை. ஐபேட் பேனா மிக நன்றாக இருக்கும். தனி விலை, அதைச் சார்ஜும் செய்ய வேண்டும். கடிதம் எழுத ஒரு புளூடூத் கீபோர்டு போதும். பிரகாரத்து வெயிலில் திரை கண்ணாடிபோல் மின்னும். நிழலில் உட்கார இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். தோழிகள் டேப்லட் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறாள்.
– தாய் ஒருவர், சிவகாசி

பதில்: லேப்டாப் வாங்கிக் கொடுங்கள் அம்மா, விண்டோஸ் உள்ளதாக. கணக்கு எழுதும் மென்பொருளான டேலி பிரைம் விண்டோஸில்தான் நிறுவப்படும். எக்ஸெலும் டேப்லட்டில் முழுமையாக இருக்காது. 14 அங்குல லேப்டாப்புகளில் பெரும்பாலும் தனி எண் விசைகள் இருக்காது. கணக்குப் பதிவில் கை வேகம் வர வேண்டுமென்றால், யூஎஸ்பியில் செருகும் எண் கீபோர்டு ஒன்றைச் சில நூறு ரூபாயில் சேர்த்து வாங்கிவிடுங்கள்.