நச்சுப் புரத ஆராய்ச்சியைத் தேர்ந்தெடுக்கும் மகளும் பெற்றோரின் தயக்கமும்

பாக்டீரியாக்கள் தம்மோடு போட்டியிடும் பிற பாக்டீரியாக்களைக் கொல்ல உருவாக்கும் நச்சுப் புரதங்களின் கட்டமைப்பை ஆராயவே முதுநிலைப் படிப்புக்குச் செல்வேன் என்று உங்கள் மகள் உறுதியாக இருப்பதாகவும், இத்தனை குறுகிய ஒரு பொருளை நம்பினால் பிழைப்புக்கு வழியிருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொருள் குறுகியதே. ஆயினும் அதை ஆராய்வதற்காக அவர் கற்கப்போகும் திறன்களுக்கு, மருந்து வடிவமைப்பிலும் நொதித் தயாரிப்பிலும் நிலையான தேவை இருக்கிறது. எனவே பொருளின் பெயரைவிட, அதன் வழியாக எதைக் கற்கப்போகிறார் என்பதையே நீங்கள் முதலில் பார்க்க வேண்டும்.

1925இல் ஆந்திரே கிராசியா கண்டறிந்த கோலிசின்களை எடுத்துக்கொள்வோம். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா தன் நெருங்கிய இனத்தவற்றைக் கொல்ல உருவாக்கும் இப்புரதங்களுக்குப் பொதுவாக மூன்று பகுதிகள் உண்டு: நடுப்பகுதி எதிரிச் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது, முன்பகுதி உள்ளே செல்லும் வழியைத் திறக்கிறது, பின்பகுதி கொல்கிறது. கொல்லும் முறைதான் வகைக்கு வகை மாறுபடுகிறது. கோலிசின் ஈ1 உட்சவ்வில் துளையிடுகிறது. ஈ3, செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வெட்டிப் புரத உற்பத்தியை நிறுத்துகிறது, ஈ9 டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. இவற்றை உருவாக்கும் செல் தானே மடியாதிருக்க, ஒவ்வொரு நச்சுக்கும் உரிய காப்புப் புரதம் ஒன்றையும் உடன் உருவாக்கிக்கொள்கிறது.

இந்தக் காப்புப் புரதங்களில்தான் உங்கள் மகளின் எதிர்காலத்துக்கான விடை இருப்பதாக நான் கருதுகிறேன். ஈ9 நச்சும் அதன் காப்புப் புரதமும் பிணையும் உறுதி, அறியப்பட்ட புரதப் பிணைப்புகளிலேயே மிக வலிமையானவற்றுள் ஒன்று. ஈ2 நச்சின் காப்புப் புரதம் அமைப்பில் ஏறத்தாழ அதே போன்றது. ஆனால் ஈ9உடன் அது பத்து லட்சம் மடங்குக்கும் மேல் பலவீனமாகவே பிணைகிறது. ஒரே சாயலுள்ள இரு புரதங்களில் புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்கள் ஒரு சில வேறுபடுவதால் இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி வருகிறது என்பதை விளக்கக் கற்றவர், நோய்க்குரிய ஒரு புரதத்தை மட்டும் பற்றி மற்றவற்றைத் தொடாத எதிர்ப்புடல் (ஆன்டிபாடி) மருந்தை வடிவமைக்கும் குழுவிலும் அதே கேள்வியைத்தான் சந்திப்பார்.

ஆல்ஃபாஃபோல்டு போன்ற கணினி நிரல்கள் கட்டமைப்பைக் கணித்துவிடும்போது மனிதருக்கு என்ன வேலை என்ற உங்கள் கேள்வியும் நியாயமானது. அத்துறைக்கு 2024இல் வேதியியல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் அக்கணிப்பு பெரும்பாலும் புரதத்தின் நிலையான ஓர் உருவத்தையே தருகிறது. எதிரியின் வெளிச்சவ்வைக் கடக்கும்போது நச்சு எவ்வாறு உருமாறுகிறது என்பதை அறிய, புரதத்தைத் தூய்மைப்படுத்தி, அதைப் படிகமாக்கி எக்ஸ்ரே செலுத்தும் படிகவியலாலோ, உறையவைத்துப் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியாலோ சோதித்துத்தான் ஆக வேண்டும். கணிப்பையும் சோதனையையும் ஒருசேரக் கையாளத் தெரிந்தவர்களுக்கு வாய்ப்புகள் விரியும் என்பதே என் மதிப்பீடு.

மறைக்காமல் ஒன்றையும் சொல்ல வேண்டும். தனி ஆய்வகம் நடத்தும் பணியிடங்கள் குறைவு. முனைவர் பட்டத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் தற்காலிகப் பணியில் கழியலாம். மாதக்கணக்கில் உழைத்தும் படிகம் உருவாகாமல் போவது இத்துறையில் வழக்கமானது. அதைத் தாங்கும் மனம் தமக்கு உண்டா என்பதை உங்கள் மகள் இப்போதே சோதித்துப் பார்ப்பது நல்லது. புரதக் கட்டமைப்புகளைச் சேமித்து வைக்கும், 1971 முதல் இயங்கும் புரதத் தரவு வங்கியில் ஈ9 நச்சும் காப்புப் புரதமும் பிணைந்த கட்டமைப்பை இலவசமாகப் பதிவிறக்கி, கைமராஎக்ஸ் மென்பொருளில் சுழற்றிப் பார்க்கட்டும். பைத்தான் நிரலாக்கத்தைத் தொடங்கட்டும். எந்தப் புரதமாயினும் அதைத் தூய்மைப்படுத்தும் ஓர் ஆய்வகத்தில் ஒரு பருவமாவது வேலை செய்யட்டும்.

இவற்றுக்குப் பிறகும் ஆர்வம் குறையாதிருந்தால் தடுக்காதீர்கள். ஆனால் சேரப்போகும் ஆய்வகத்தின் வழிகாட்டியிடம் இரண்டு விவரங்களை உங்கள் மகளே கேட்டறிய வேண்டும்: மாணவர்கள் கருவிகளைத் தாங்களே இயக்குகிறார்களா, அங்கிருந்து பட்டம் பெற்றவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள்?