கவுன்சிலர் வேண்டாம் என்றால் எல்லைக்கோடு நின்றுவிடுமா?

கேள்வி: நெல்லை டவுனில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு வளவில் நான்கு குடும்பங்கள் இருக்கிறோம். தெருவைப் பார்த்து எனக்கு ஒரு சின்ன அரிசிக் கடை. ரத வீதிகளோடு நிற்கும் என்று சொன்ன சீரமைப்புத் திட்டத்தை எங்கள் தெருவரை நீட்டப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. எங்கள் வார்டு கவுன்சிலரம்மா, "முதலில் எடுத்த வேலையை முடியுங்கள், எல்லையை நீட்ட விடமாட்டேன்" என்று மன்றத்தில் எழுந்து சொல்லிவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்களோ ரோடு அகலமானால் யாவாரம் கூடும் என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன், அங்கேயும் உள்ளூர் அதிகாரிகள் இப்படி எதிர்ப்பது உண்டு, ஆனால் அது வரிக்காக என்கிறார். கவுன்சிலர் எதிர்த்தால் போதுமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
- ஒரு வாசகர், நெல்லை டவுன்

பதில்: போதாது அண்ணாச்சி. கவுன்சிலரம்மா பேசியது மன்ற நடவடிக்கைக் குறிப்பில் ஏறும், அவ்வளவுதான். திருநெல்வேலி மாநகராட்சியில் 55 வார்டு. அவருக்கு இருப்பது ஒரு ஓட்டு. அதைவிட முக்கியமான விஷயம், அவருடைய எதிர்ப்பு உங்கள் ஆட்சேபணையாகக் கணக்கில் வராது. நிலத்தைத் தொடும் சட்டங்களில் ஆட்சேபணை என்றால் பாதிக்கப்படுகிறவர் தன் சர்வே எண்ணைப் போட்டு, கெடு முடிவதற்குள் எழுதிக் கொடுப்பது. பின்னால் வழக்கு என்று வந்து நிற்கும்போது "எங்க கவுன்சிலர் அப்பவே சொன்னாங்களே" என்றால் அது எடுபடாது.

அதற்காக அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஸ்மார்ட் சிட்டி என்ற மத்திய அரசின் நகரச் சீரமைப்புத் திட்டப் பட்டியலில் நெல்லை 2017-ல் சேர்ந்தது. இடித்துக் கட்டிய சந்திப்புப் பேருந்து நிலையம் எத்தனை வருஷம் இழுத்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் திட்டத்தை நடத்தியதும் நேரடியாக மன்றம் இல்லை. மாநில அரசும் மாநகராட்சியும் சரிபாதிப் பங்கு வைத்த ஒரு தனிக் கம்பெனி. மன்றத்தில் கவுன்சிலர்கள் சத்தம் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த மத்தியத் திட்டமே 2025 மார்ச் 31-ஓடு முடிந்துவிட்டது. ஆகவே "ஸ்மார்ட் சிட்டியை நீட்டுகிறோம்" என்று யாராவது சொன்னால், எந்தத் திட்டத்தின் பணம் என்று முதலில் கேளுங்கள். எல்லையை மட்டும் நீட்டிவிட்டுப் பணத்தை நீட்டாமல் விட்டால், தோண்டிய குழியோடு தெரு கிடக்கும். முடிக்காத வேலைக்கு மேல் எல்லை கூடாது என்பது என் அபிப்பிராயத்திலும் சரிதான்.

மருமகன் சொல்வது வேறு கதை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் சீரமைப்பு வட்டம் என்று ஒரு எல்லை போடுவார்கள். போட்ட நாளில் அங்கே இருந்த சொத்து மதிப்பை அப்படியே நிறுத்திவைத்து, அதற்குமேல் வளரும் மதிப்புக்கான வரியைத் திட்டக் கடனை அடைக்கவே ஒதுக்கிவிடுவார்கள். எல்லை பெரிதானால் பள்ளிக்கும் தீயணைப்புக்கும் கவுண்டிக்கும் (நம் மாவட்டம் மாதிரி) கூடுதலாக வந்திருக்க வேண்டிய வரி அந்தக் கணக்குக்குப் போகும். அதனால்தான் அங்கே எதிர்ப்பு. கலிபோர்னியா 1952-ல் இந்த முறையைத் தொடங்கி, 2012-ல் அதை நடத்திய அமைப்புகளையே கலைத்துவிட்டது. நம் ஊரில் உங்களுக்குள்ள சிக்கல் வரி இல்லை, நிலம்.

இனி உங்கள் தெருவுக்கு வருவோம். கோடு எந்த வகையில் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் கவலைப்படுவதா வேண்டாமா என்பது. இருக்கிற ரோட்டுக்குள்ளேயே ஓடை, கேபிள், பேவர் கல் என்றால் சில மாதம் யாவாரம் படுக்கும், நிலம் போகாது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி டி.டி. பிளான் என்கிற விரிவான வளர்ச்சித் திட்டம் போட்டு உங்கள் தெருவை ஸ்கீம் ரோடாக, அதாவது திட்டப்படி அகலப்படுத்த வேண்டிய ரோடாகக் காட்டினால் விஷயம் பெரிது. கோட்டுக்குள் விழுந்த இடத்தில் கட்டட அனுமதி வாங்குவது பெரும்பாடு, விற்கப் போனால் விலை இறங்கும். ஆனால் அந்த 1971-ஆம் வருஷச் சட்டத்தின் 38-ஆவது பிரிவில் உங்களுக்கு ஒரு பிடி உண்டு. பிளான் தயாரிப்பதாக அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் நிலத்தைப் பேசி வாங்கவுமில்லை, கையகப்படுத்தும் அறிவிப்பும் வரவில்லை என்றால், அந்த இடம் விடுவிக்கப்பட்டதாகவே சட்டம் கருதும். வரைபடத்தில் கோடு மட்டும் தானாக அழியாது. மனுக் கொடுத்து அழிக்கச் சொல்ல வேண்டும். அசையாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது.

நிஜமாகவே நிலத்தை எடுத்தால், 2013-ஆம் வருஷ நிலமெடுப்புச் சட்டப்படி முதல்நிலை அறிவிப்பு வந்த 60 நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம். நகர்ப்பகுதியில் சந்தை மதிப்பு, கட்டடத்தின் மதிப்பு, இரண்டையும் சேர்த்து அதே அளவு ஆறுதல் தொகை என்று கணக்கு வரும். பலருக்குத் தெரியாத ஒன்று: 3 வருஷமாக அங்கே குடியிருப்பவர்களையும், அதே 3 வருஷமாக அங்கேதான் பிழைப்பு என்றிருப்பவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே அந்தச் சட்டம் பார்க்கிறது. வளவில் வாடகைக்கு இருப்பவர்கள் ரேஷன் கார்டையும் பழைய கரண்ட் பில்லையும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

நான் அதிகம் பயப்படுவது மூன்றாவது வகைக்கு. பிளானும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. "திண்ணை புறம்போக்கில் இருக்கிறது, ஆக்கிரமிப்பு" என்று ஒரு நோட்டீஸ். டவுனில் பழைய வீடுகள் பலவற்றில் திண்ணையை ஒட்டித்தான் பட்டா எல்லை ஓடும். அது திண்ணைக்கு வெளியே ஓடுகிறதா உள்ளே ஓடுகிறதா என்பதைத் தாத்தா சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் வரைபடமும் எடுத்து, எதிர்வீட்டுச் சுவரிலிருந்து டேப் வைத்து அளந்து, வரைபடம் காட்டும் தெரு அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திண்ணை உங்கள் எல்லைக்குள் என்றால் அது ஆக்கிரமிப்பே அல்ல; வேண்டுமானால் விலை கொடுத்து எடுக்கட்டும். வெளியே என்றால் அதற்காகச் சண்டை போட்டுக் காலத்தைக் கழிக்காமல், உள்சுவரைக் காப்பாற்றுவதில் இறங்குங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருக்கும் வீட்டில் முகப்பை இடித்தால் மச்சுக் கட்டை உட்கார்ந்துவிடும். ஒரு இன்ஜினியரிடம் எழுதி வாங்கி ஆட்சேபணையோடு சேருங்கள். இதற்கு நடுவில் "ரோட்டுக்கு இனாமாக எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிளான் அப்ரூவல் சீக்கிரம் வரும்" என்று யாராவது பத்திரத்தோடு வந்தால், வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இனாமாகக் கொடுத்த இடத்துக்கு அப்புறம் நஷ்டஈடு கேட்க முடியாது.

மனை தேவஸ்தானத்துடையது என்றால் நிலத்தின் பணம் கோயிலுக்குத்தான் போகும். கட்டடத்துக்கு மட்டும்தான் நீங்கள் கேட்கலாம். மனை வாடகை ரசீதுகளை எடுத்து வையுங்கள்.

இதெல்லாம் தெரிய வரைபடம் கையில் வேண்டும். மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். "திட்டம் பற்றிய விவரம் தருக" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். உங்கள் தெருப் பெயர், சர்வே எண், திட்ட எல்லை வரைபடம், மன்றத் தீர்மானத்தின் நகல், பணம் எந்தத் தலைப்பில் வருகிறது என்று பிரித்துக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வரவில்லை என்றால் மேல்முறையீடு உண்டு. ஆட்சேபணையை அறிவிப்பில் சொன்ன அலுவலகத்துக்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, நகலில் அலுவலக முத்திரையும் வாங்கிவிடுங்கள். முத்திரை இல்லாத நகல் வெறும் தாள்தான். நான்கு குடும்பமும் நான்கு மனு. ஒரே மனுவில் நாற்பது கையெழுத்து வாங்குவது ஊர்வலத்துக்குச் சரி.

பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வதும் முழுக்கத் தப்பில்லை. அகலமான ரோட்டில் கடைக்கு வாடகை கூடும். ஆனால் முப்பதடி ஆழமுள்ள கடையில் ஐந்தடி போனால் தாங்கலாம். பத்தடிக் கடையில் ஐந்தடி போனால் மிச்சத்தில் நான்கு மூட்டை அரிசிகூட அடுக்க முடியாது. அவர்களையும் டேப்போடு கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள், பாதிப் பேர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். தெருவோரத்தில் கூடை வைத்து விற்பவர்களை மறந்துவிட வேண்டாம்: 2014-ஆம் வருஷத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடியாமல் அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது.

கவுன்சிலரம்மாவை இரண்டு வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வார்டு கமிட்டிக்கு அவர்தான் தலைவர். அந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தைக் கூட்டி, திட்ட வரைபடத்தைச் சுவரில் ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், அவர் எதிர்ப்பை "எல்லையை நீட்ட வேண்டாம்" என்பதோடு விடாமல், எந்த வேலை முடிந்த பிறகு, எந்தச் சர்வே எண்களைத் தவிர்த்து என்று எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்த வளவின் பட்டா இன்னும் இறந்துபோன பெரியவர் பெயரிலேயே இருந்தால், மற்ற எதற்கும் முன்னால் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றுங்கள். பங்காளிகளுக்குள் தகராறு என்றால் நஷ்டஈட்டுப் பணம் உங்கள் கைக்கு வராமல் நிலமெடுப்பு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாணையத்தில் போய்க் கிடக்கும்.