பஸ் பாதையில் தண்டவாளம் போட்டிருக்கலாமே?

கேள்வி: என் மகள் கனடாவில் ஆட்டவாவில் இருக்கிறாள். அங்கே பஸ்ஸுக்கென்று இருந்த தனிப்பாதையில் இப்போது ரயில் ஓடுகிறதாம். டெல்லியில் பஸ்ஸுக்கென்று இருந்த பி.ஆர்.டி. பாதையை இடித்ததற்குப் பதில் அதிலும் தண்டவாளம் போட்டிருக்கலாமே?
– ஒரு வாசகி, புஷ்ப் விஹார்

பதில்: அம்மா, 2008 ஏப்ரலில் அம்பேத்கர் நகர் – மூல்சந்த் பாதை தொடங்கியதிலிருந்து இடிக்கும்வரை ஐ.டி.ஓ. ஆபீசுக்கு 419ஆம் நம்பர் பஸ்ஸில் போய்வந்தவன் நான். 5.8 கிலோமீட்டர், சாலை நடுவே எங்கள் பஸ். ஓரத்தில் கார்களில் சிக்கிக்கிடந்தவர்கள் எங்களை முறைப்பார்கள். ஆனால் சிராக் டெல்லி சிக்னல் வந்ததும் எங்கள் ஜம்பம் தீர்ந்துவிடும். அங்கே வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் பச்சை விழுவதற்குள் காலி. ரயில் விட்டிருந்தாலும் அதே சிக்னலில்தான் நின்றிருக்கும்.

ஆட்டவா பாதை வேறு மாதிரி. 1983இல் ஓடத் தொடங்கிய அது, பெரும்பகுதி சாலையோடு ஒட்டாமல், பள்ளத்திலும் பாலத்தடியிலும் தனியாகப் போனது. பின்னால் ரயிலாக மாற்றலாம் என்ற எண்ணத்தோடே போட்டது. நெரிசல் எல்லாம் ஊர் நடுவில். ஆல்பர்ட், ஸ்லேட்டர் தெருக்களில் பஸ்கள் வரிசையாக நிற்கும். அங்கே மட்டும் 2.5 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டினார்கள். 2019 செப்டம்பரில் 13 நிலையங்களோடு ரயில் வந்தது.

அங்கேயும் எல்லாரும் குளிர்ந்துபோகவில்லை. புறநகரில் ஏறினால் நேரே ஊர் நடுவில் இறக்கிவிட்ட பஸ்கள் பல, இப்போது ரயிலடியோடு நின்றுவிடுகின்றன. இறங்கி மாற வேண்டும். 2021 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ரயில் தடம் புரண்டது. இரண்டாவது தடவைக்கு அப்புறம் ஏறத்தாழ இரண்டு மாதம் ஓடவே இல்லை. மகளைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வாள்.

நம் பாதையில் காரையும் விடச் சொல்லிப் போட்ட வழக்கை 2012இல் உயர் நீதிமன்றமே தள்ளிவிட்டது. அப்படியும் 2016இல் இடித்தார்கள். சிக்னலைச் சரிசெய்திருந்தால் போதும் என்பது என் கட்சி. பஸ்ஸில் போகிறவன் பேச்சு எங்கே எடுபடும்!

சரி, உங்களுக்கு ஒரு நல்ல சேதி. லஜ்பத் நகரிலிருந்து சாகேத் ஜி பிளாக்வரை மெட்ரோவுக்கு 2024இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. சிராக் டெல்லி, புஷ்ப் விஹார் இரண்டும் அதில் உண்டு. தூண்மேல் போகும், சிக்னல் கிடையாது. கடலையை வீட்டிலேயே தின்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.