சிலிக்கோன் ரப்பர்: பட்டறைக்காரரிடம் கேட்டவை

பிறந்தது குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்து வீட்டில். இப்போது களியக்காவிளைக்கு இந்தப்புறம் சின்னதாக ஒரு பட்டறை வைத்து சிலிக்கோன் அச்சும் காஸ்கெட்டும் (இடுக்கில் கசியாமல் அடைக்கும் வளையம்) செய்கிறேன். சிலிக்கோன் பற்றிக் கேளுங்கள் என்றேன், கேட்டுத் தள்ளிவிட்டீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி (குலசேகரம்): அண்ணே, நம்ம ரப்பருக்குக் கந்தகம் போட்டுத்தானே வேக வைக்கிறாங்க. சிலிக்கோனுக்கும் அதேதானா?

இல்லை தம்பி. மரத்துப் பாலில் வரும் ரப்பரின் கார்பன் சங்கிலியில் வழிநெடுக இரட்டைப் பிணைப்பு உண்டு. அதைப் பிடித்துத்தான் கந்தகம் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே பாலம் போடும். 1839-ல் குட்இயர் கண்டது அந்த வித்தைதான். சிலிக்கோனின் முதுகெலும்போ சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்தது. கந்தகத்துக்கு அங்கே பிடி கிடைக்காது. இதைப் பதப்படுத்த மூன்று வழி: பெராக்சைடு (சூட்டில் உடைந்து வினையைத் தொடங்கிவைக்கும் ரசாயனம்) போட்டுச் சூடாக்குவது, பிளாட்டினம் ஊக்கி (வினையை விரைவாக்கும் பொருள்), அடுத்தது ஈரத்தையும் டின், அதாவது வெள்ளீய ஊக்கியையும் நம்பும் வகை.

கேள்வி (பாறசாலை): சாரே, பொம்மை அச்சு எடுக்க ரெண்டு பாகம் கலக்கிற சிலிக்கோன் ஊத்தினேன். ஒரு நாள் ஆச்சு. மேல கெட்டி, களிமண் மாதிரியைத் தொட்ட பக்கம் மட்டும் தேன் மாதிரி பிசுபிசுப்பு. கலவை சரியாத்தான் எடை போட்டேன். என்ன தப்பு?

நீங்கள் வாங்கியது பிளாட்டினம் வகை. அதில் ஒரு பாகத்தில் வினைல் என்ற இரட்டைப் பிணைப்புக் கொக்கி, இன்னொன்றில் சிலிக்கனோடு ஒட்டிய ஹைட்ரஜன். இரண்டையும் பிணைத்துவைக்கும் பிளாட்டினம் பத்து லட்சத்தில் சில பங்குதான் இருக்கும். இவ்வளவு கொஞ்சம் என்பதால் கந்தகம், அமீன் (நைட்ரஜன் உள்ள ஒரு வகை ரசாயனம்), டின் எது துளி பட்டாலும் படுத்துவிடும். உங்கள் மாடலிங் களிமண்ணில் கந்தகம் இருக்கும், பாக்கெட்டைப் பாருங்கள். கையில் என்ன உறை போட்டீர்கள்? லேட்டக்ஸ் உறை என்றால் அதுவும் குற்றவாளி. அது கந்தகம் போட்டு வேகவைத்த ரப்பர்தானே!

நானும் பட்டவன்தான். டின் சிலிக்கோன் கிண்டிய குச்சியையே துடைத்துவிட்டு பிளாட்டினம் கலவையில் விட்டேன். இரண்டு கிலோ போச்சு. குச்சி ஓடிய தடம் மட்டும் கோடு கோடாக ஈரமாகவே நின்றது, பார்த்தால் நத்தை போன மாதிரி. அன்றிலிருந்து இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் குச்சி, நைட்ரைல் உறை. புது மாதிரி எதுவானாலும் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, கெட்டியாகிறதா என்று பார்த்த பிறகே முழுசாக ஊற்றுவேன். 3டி பிரிண்டரில் ரெசினில் எடுத்த பொம்மைகளும் இதே தொல்லை கொடுக்கும்.

கேள்வி (அதே ஆள்): அப்ப டின் வகையே போதாதா? விலையும் குறைவு.

கந்தகக் களிமண்ணுக்கு அதுதான் தோது. ஆனால் அது கெட்டியாகும்போது ஆல்கஹால் ஆவியாகி வெளியே போகும், அதனால் அச்சு கொஞ்சம் சுருங்கும். ஒரு சதவீதத்துக்குள்தான் என்றாலும் அளவு முக்கியமான பாகத்துக்கு அது தப்பு. பிளாட்டினம் சுருங்குவது அதைவிட மிகக் குறைவு. டின் அச்சு சில வருஷத்தில் கிழியவும் தொடங்கும். ஊருக்கு விற்கிற சிமென்ட் பொம்மைக்கு டின் போதும், நாளைக்கும் வேண்டிய அச்சுக்கு பிளாட்டினம்.

கேள்வி (தக்கலை): குளியலறைக்கு அடிச்ச சிலிக்கோன்ல வினிகர் வாசம் வருது. கெட்டுப்போனதா?

கெடவில்லை. அது அசிட்டாக்ஸி வகை. காற்றின் ஈரத்தை வாங்கி அசிட்டிக் ஆசிட் விட்டபடி கெட்டியாகும். கண்ணாடிக்கும் டைலுக்கும் நல்லது. செம்பு, மார்பிள், சிமென்ட் பக்கம் வேண்டாம், ஆசிட் அரிக்கும். அங்கே ஆசிட் விடாத ஆக்சைம் அல்லது அல்காக்ஸி, அதாவது கடையில் 'நியூட்ரல்' என்று கேளுங்கள்; செம்புக்கு மட்டும் ஆக்சைம் வேண்டாம், அல்காக்ஸியே. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2, 3 மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். ஒரேயடியாகத் தடிமனாக அப்பினால் நடுவே பச்சையாகவே கிடக்கும். நம் ஊர் மழைக்காலத்தில் வேகம் கூடும், திறந்த டியூபும் அதே வேகத்தில் இறுகும்.

கேள்வி (குழித்துறை): அண்ணாச்சி, நாங்க சூட்டு பிரஸ்ஸில் காஸ்கெட் அடிக்கிறோம். நாலு நாள்ல மேல வெள்ளைப் பொடி பூக்குது.

எந்த பெராக்சைடு? டைகுளோரோபென்சாயில் என்றால் அதன் மிச்ச ஆசிட்தான் பூப்பது. 200 டிகிரி ஓவனில் நாலு மணி நேரம், காற்று நன்றாக ஓடும்படி வைத்தால் போய்விடும். பிரஸ் வேலைக்கு எனக்குப் பிடித்தது டைகுமைல் பெராக்சைடு. 170 டிகிரி பக்கம் அது வேலை செய்யும், ஆனால் வாசம் விடும், அதையும் ஓவனில்தான் ஓட்ட வேண்டும். ஓவன் செலவை மிச்சம் பிடிக்கிறவரிடம் சாப்பாட்டுப் பாத்திர காஸ்கெட் வாங்காதீர்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): குழந்தை ஃபீடிங் பாட்டில் நிப்பிள்?

பெரும்பாலும் திரவ சிலிக்கோன், பிளாட்டினம் வகை. சூடான அச்சுக்குள் பீய்ச்சினால் சில நொடிகளில் கெட்டி. பெராக்சைடு மிச்சம் என்ற பேச்சே இல்லை.

கேள்வி (களியக்காவிளை): பழைய அச்சை உருக்கி மறுபடி ஊத்தலாமா?

உருகாது. ஒரு தடவை பாலம் விழுந்தால் விழுந்ததுதான். பொடியாக வெட்டி, புது அச்சின் பருமனான பின்பக்கத்தில் கலந்து ஊற்றலாம், சரக்கு மிச்சமாகும். வகை மட்டும் பார்த்துக் கலக்குங்கள். டின் துண்டு பிளாட்டினத்தில் விழுந்தால் பாறசாலைக்காரர் கதைதான்.