மடத்துக்கா போகிறாள்?

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தாவரவியல் படிக்கும் என் மகள், பாடத்தோடு இலத்தீனும் கற்கப்போவதாகப் பிடிவாதம் பிடிக்கிறாள். பேச ஆளில்லாத செத்த மொழி எதற்கு? ‘மடத்துக்கா போகப்போகிறாய்’ என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். அவளுக்கு நல்ல புத்தி சொல்லுங்கள். (ஒரு தகப்பனார், தக்கலை)

பதில்: புத்தி சொல்ல வேண்டியது அவளுக்குத்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக ரெக்கார்டு நோட்டில் அவள் பொருள் தெரியாமல் எழுதிவருவது அந்த மொழியைத்தான். உங்கள் வீட்டுப் பின்புறத்து மாமரத்துக்குத் தாவரவியல் சூட்டியிருக்கும் ‘மாங்கிஃபெரா’ என்ற பெயரில், ‘ஃபெரா’ என்றால் தாங்குவது. முன்பாதி, போர்த்துக்கீசியர் வாய்வழியாகப் போய்ச்சேர்ந்த நம் ஊர் மாங்காய். அயனிச்சக்கை மரத்தின் பெயரில் வரும் ‘ஹிர்சூட்டஸ்’ என்பதற்கு ரோமம் அடர்ந்தது என்று பொருள். அந்த மரத்தின் தளிர்க்கிளையை ஒருமுறை தடவிப் பார்த்தவர் இந்தப் பெயரை மறக்கமாட்டார்.

மலையாளக் கரையின் செடிகொடிகளை, இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியரின் துணையோடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்ட ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலின் விளக்கமெல்லாம் இலத்தீன். நம் அயனியும் அதில் இருக்கிறது. அது பழங்கதை என்று நீங்கள் தள்ளலாம். ஆனால் 1935 முதல் 2011 முடிய, புதிதாகக் கண்டறிந்த பூக்கும் தாவரம் ஒன்றுக்கு இலத்தீனில் விளக்கம் எழுதினால்தான் அதன் பெயர் செல்லும் என்பது உலகத் தாவரவியல் விதி. 2012இல்தான் ஆங்கிலத்துக்கும் இடம் கொடுத்தார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையின் செடிகளை ஆராய விரும்பும் பெண்ணுக்கு அந்த விளக்கங்களை நேராகப் படிக்க வருமானால் அது சின்ன லாபமா?

மடத்துப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. 1960கள் வரை நம் மாவட்டத்துக் கத்தோலிக்கக் கோவில்களிலும் பூசை இலத்தீனில்தான் நடந்தது. பூசைக்கு உதவிய பையன்கள் ‘எத் கும் ஸ்பிரித்து துவோ’ என்று கிளிப்பிள்ளையாய்ச் சொன்னார்கள். உங்கள் மகள் அதற்கு நேர்மாறாக, பொருள் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

கஷ்டமான மொழிதான். ஆனால் ஆங்கிலேயப் பிள்ளைக்கு இருக்கும் கஷ்டம் தமிழ்ப் பிள்ளைக்கு இல்லை. ‘புவெல்லா ரோசம் அமத்’ என்றால் பெண் ரோசாவை நேசிக்கிறாள். (அந்த ‘ரோசம்’ நம் ஊர் ரோசம் அன்று.) ‘ரோசா’வோடு சேரும் மகர ஒற்று நம் ‘ஐ’ உருபின் வேலையைச் செய்வதால், சொற்களை எப்படி மாற்றி வைத்தாலும் பொருள் மாறாது. எட்டு வேற்றுமை தெரிந்த பிள்ளைக்கு ஆறு வேற்றுமை பெரிய பயமில்லை. பால் பகுப்புதான் தலைவலி. அங்கே ரோசாவும் பெண்பால்.

இலத்தீனால் மட்டும் வேலை கிடைக்காது என்பதையும் மறைக்கமாட்டேன். தாவரவியலை விட்டுவிட்டு இதற்கே போகிறேன் என்று சொன்னால் தடுங்கள். அதுவரை, தினம் ஒரு மணி நேரம் அவள் படிக்கும்போது சொந்தக்காரர்களை உள்ளே விடாதிருங்கள்.