ஒரே காட்டு எலிகளில் ஒட்டுண்ணிகள் ஏன் வேறுபடுகின்றன?

கிண்டி போன்ற புதர்க்காட்டில் வாழும் எலிகளிடையே ஒட்டுண்ணிகள் இனத்துக்கு இனம் ஏன் மாறுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் எலியின் வளையைப் பார்க்க வேண்டும். தெள்ளுப்பூச்சியின் முட்டைகள் வளைக்குள் உதிர்ந்து, புழுக்கள் அங்குள்ள கழிவுகளைத் தின்றே வளர்வதால், நிலையான வளை தோண்டும் வெள்ளெலியும் பெருச்சாளியும் அவற்றுக்கு வசதியான வீடுகளாகின்றன.

உண்ணிக் காய்ச்சலைப் பரப்பும் சிற்றுண்ணியின் கதை வேறு. அது லார்வாப் பருவத்தில் மட்டுமே எலியின் காதுமடலில் கூட்டமாக ஒட்டித் திசுநீரை உண்டு, மற்றப் பருவங்களை மண்ணில் கழிக்கிறது. ஆகவே எலியின் இனத்தைக் காட்டிலும் புதரும் மண்ணின் ஈரமும் அதற்கு முக்கியம். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய குளிர்மாதங்களில் தமிழ்நாட்டில் இக்காய்ச்சல் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நோய்க்கிருமி தாயுண்ணியிடமிருந்து முட்டைக்கே கடந்துவிடுவதால், பழியை எலிமீது மட்டும் போடுவது நியாயமன்று.

குடலில் வாழும் எலி நாடாப்புழுவோ, தன் இளம்பருவத்தைச் சுமக்கும் தானிய வண்டு போன்ற பூச்சிகளை விழுங்கும் எலிகளுக்கே தொற்றுகிறது.